மெதுவாகப் போனால் கொதிக்கும் டர்ட் பைக்: ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் டர்ட் பைக், லிக்விட் கூலிங், கார்புரேட்டர் வண்டி, ஒருவர் ஓட்டியதை வாங்கியது. குறுகலான காட்டுப்பாதையில் மெதுவாக ஓட்டினால் இருபது நிமிடத்தில் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகக் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கொட்டுகிறது. திறந்த வெளியில் விரட்டி ஓட்டினால் அவ்வளவு தொந்தரவு இல்லை. கூலன்ட்டை மாற்றிப் பார்த்தாயிற்று. 1.8 பார் அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடியும் வாங்கிப் போட்டாயிற்று. பிரச்சினை தீரவில்லை. பார்த்தவர் ஒருவர் ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் தகடு) போயிருக்கும் என்கிறார். ஹெட்டைக் கழற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொன்னதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. "மெதுவாகப் போனால் கொதிக்கிறது, வேகமாகப் போனால் இல்லை" என்பது சாதாரண தகவல் இல்லை. இன்ஜின் எப்போது கொதிக்கிறது என்பதைச் சரியாகக் கவனித்தாலே எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். ஸ்பேனரை எடுப்பது அதற்கு அப்புறம்தான்.

ஏன் என்று சொல்கிறேன். பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தை நோக்கிப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. மிச்சம் சிலிண்டர் சுவரிலும் ஹெட்டிலும் ஏறுகிறது, அதைத்தான் கூலன்ட் சுமந்துகொண்டுபோய் ரேடியேட்டரில் இறக்க வேண்டும். இந்த வேலை கெடுவதற்கு நான்கு வழிதான் உண்டு. இன்ஜின் அளவுக்கு மீறி வெப்பம் உண்டாக்குவது ஒன்று. கூலன்ட் ஒழுங்காகச் சுற்றாமல் போவது இன்னொன்று. ரேடியேட்டர் வெப்பத்தைக் காற்றுக்கு விடாமல் இருப்பது மூன்றாவது. அழுத்தம் நிற்காமல், கொதிக்கக் கூடாத வெப்பத்திலேயே கூலன்ட் கொதித்துவிடுவது நான்காவது. ஹெட் கேஸ்கெட் கோளாறு இந்தக் கடைசி வகையில் கொஞ்சமும் இரண்டாவது வகையில் கொஞ்சமும் சேரும்.

கேஸ்கெட் போன இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. எரியும் வாயு சிலிண்டரிலிருந்து கூலன்ட்டுக்குள் தள்ளப்படுவது த்ராட்டிலை முறுக்கும்போதுதான் அதிகம், ஏனென்றால் அப்போதுதான் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம். அதனால் அப்படிப்பட்ட வண்டி திறந்த வெளியில் விரட்டும்போதும் மேடு ஏறும்போதும்தான் முதலில் கூலன்ட்டைத் துப்பும். உங்கள் வண்டி நேர்மாறாக நடக்கிறது. காற்று வரும்போது பிழைத்துக்கொள்கிறது, காற்று இல்லாதபோது தவிக்கிறது. எனவே என் முதல் சந்தேகம் ரேடியேட்டரின் காற்றுப்பக்கம். இரண்டாவது, கூலன்ட் மாற்றியபோது உள்ளே மாட்டிக்கொண்ட காற்று. மூன்றாவது, கார்புரேட்டரின் பைலட் சுற்று, அதாவது த்ராட்டில் கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது பெட்ரோல் கொடுக்கும் வழி. கேஸ்கெட்டை நான்காவது இடத்தில் வைக்கிறேன். விலக்கிவிடவில்லை.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பெரும்பாலான மோட்டோகிராஸ் வண்டிகளில் ஃபேன் கிடையாது, வெப்பமானி கிடையாது, பலவற்றில் தெர்மோஸ்டாட்டும் (சூடேறியதும் கூலன்ட்டுக்கு வழிவிடும் வால்வு) கிடையாது. வண்டி ஓடும்போது எதிரே வரும் காற்றுதான் ஃபேன். பந்தயத் தடத்துக்காக வடிவமைத்த வண்டியை நடக்கும் வேகத்தில் முதல் கியரில் பத்து நிமிடம் ஓட்டினால், எல்லாம் நல்ல நிலையில் இருந்தாலும் அது கொதிநிலையை நெருங்கும். ஆகவே உங்கள் வண்டியில் ஒரு பெரிய கோளாறு இருந்தே தீர வேண்டும் என்றில்லை. இரண்டு மூன்று சின்னக் குறைகள் சேர்ந்து, ஏற்கெனவே விளிம்பில் இருப்பதைத் தாண்ட வைத்திருக்கலாம்.

முதலில் அந்த 1.8 பார் மூடியைப் பற்றிப் பேசிவிடலாம். இங்கேதான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மூடி எதையும் குளிர்விப்பதில்லை. அழுத்தம் கூடக்கூட திரவம் கொதிக்கும் வெப்பநிலை மேலே போகும், அவ்வளவுதான். ஜப்பானிய வண்டிகளில் பொதுவாக வரும் 1.1 பார் மூடியில் வெறும் தண்ணீர் சுமார் 122 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 1.8 பாரில் சுமார் 131 டிகிரி. பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்ட், மூடி இல்லாமல் திறந்திருந்தாலே 107 டிகிரி வரை தாங்கும், 1.1 பாரில் 130 டிகிரியை நெருங்கும். அதிக அழுத்த மூடி போட்டும் கூலன்ட் கொட்டுகிறது என்றால் இரண்டில் ஒன்று. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைக்கவில்லை, அல்லது உலோகம் உண்மையிலேயே மிக அதிகமாகச் சூடேறுகிறது. இரண்டாவதாக இருந்தால் இந்த மூடி எச்சரிக்கையைத் தள்ளிப்போடுகிறதே தவிர காப்பாற்றவில்லை. கூடுதல் அழுத்தத்தில் பழைய ஹோஸும் வாட்டர் பம்ப் சீலும் தேவையில்லாமல் சிரமப்படும். கோளாறைக் கண்டுபிடிக்கும்வரை நிறுவனம் சொன்ன அழுத்தத்திலேயே ஒரு நல்ல மூடியைப் போட்டு ஓட்டுங்கள். நீரில்லாத கூலன்ட்டுக்கும் இதே பதில். அது 190 டிகிரி வரை கொதிக்காது, ஆனால் தண்ணீரைவிடக் குறைவாகவே வெப்பம் சுமக்கும். கொதிக்காமல் இருப்பதைப் பார்த்து இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

சூடான மூடியைத் திறக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஏனென்றால் 120 டிகிரியில் அடைபட்டிருக்கும் கூலன்ட், மூடியைத் திறந்த கணத்தில் ஆவியாகி முகத்தை நோக்கித்தான் வரும். ரேடியேட்டரைக் கையால் தொட்டு வைத்திருக்க முடியும்வரை காத்திருங்கள். அரை மணி நேரம் ஆகலாம், கூடவும் ஆகலாம்.

சரி, இன்ஜின் முழுதும் ஆறிய நிலையில் மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். உள்ளே தெரியும் ரேடியேட்டர் குழாய்களுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர் அளவு கூலன்ட் நிற்க வேண்டும். கழுத்துவரை நிரப்பினால் சூடாகி விரியும்போது கொஞ்சத்தை அதுவே வெளியே தள்ளிவிடும். அது கோளாறில்லை. பலர் இதைக் கொதிப்பு என்று எண்ணி, மறுபடி கழுத்துவரை ஊற்றி, அது மறுபடி துப்பி, இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஒருமுறை சரியான மட்டத்துக்கு ஊற்றி ஓட்டி, ஆறவைத்து, எவ்வளவு குறைந்தது என்று அளவுக் குவளையில் ஊற்றிப் பாருங்கள். இந்த வண்டிகளின் மொத்தக் கொள்ளளவே ஒரு லிட்டரைச் சுற்றித்தான். 200 மில்லி போனால் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். பல வண்டிகளில் ஓவர்ஃப்ளோ குழாய் நேரே தரையைப் பார்த்துத் தொங்கும், சேகரிக்கும் டப்பாவே இருக்காது. அப்படியானால் ஒருமுறை துப்பியது திரும்பி வராது. அடுத்த கொதிப்பு இன்னும் சீக்கிரம் வரும். ஒரு சின்ன டப்பாவைப் பொருத்திவிட்டால், எவ்வளவு வெளியேறுகிறது என்று கண்ணால் பார்க்கலாம். மூடியின் நடுவிலுள்ள வெற்றிட வால்வு சரியாக இருந்தால், ஆறும்போது கூலன்ட் திரும்ப உள்ளே இழுக்கப்படவும் செய்யும்.

மூடியைக் கையில் வைத்திருக்கும்போதே அதையும் பார்த்துவிடுங்கள். அடிப்பக்க ரப்பர் சீலில் வெடிப்போ ஆழமான பள்ளமோ இருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். நடுவிலுள்ள சின்ன வால்வை நகத்தால் இழுத்து விட்டால் துள்ளித் தானே மூட வேண்டும். அப்புறம் மூடி உட்காரும் கழுத்தின் உள் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். நான் ஒரு டூ ஸ்ட்ரோக் வண்டியில் இரண்டு புது மூடிகள் மாற்றியும் கசிவு நிற்காமல், கடைசியில் ஒருமுறை கீழே விழுந்ததில் கழுத்தே லேசாக முட்டை வடிவத்துக்கு நசுங்கியிருந்ததைக் கண்டுபிடித்தேன். கண்ணுக்குத் தெரியவில்லை, விரலுக்குத் தெரிந்தது. ஒருவர் ஓட்டிய வண்டியை வாங்கியவர் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது எத்தனை முறை விழுந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

இப்போது ரேடியேட்டரின் காற்றுப்பக்கம். உங்கள் விஷயத்தில் நான் அதிகம் நம்பும் இடம் இதுதான். பக்கவாட்டு பிளாஸ்டிக்குகளையும் முன்னாலுள்ள கிரில்லையும் கழற்றிவிட்டு, பின்பக்கம் ஒரு டார்ச்சை வைத்து முன்பக்கமிருந்து பாருங்கள். ஃபின்களுக்கு (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள்) நடுவே வெளிச்சம் எங்கெல்லாம் வரவில்லையோ அங்கெல்லாம் காற்றும் போகவில்லை. வெளிப்பார்வைக்குப் பளிச்சென்று கழுவிய ரேடியேட்டரிலும், உள்ளே பாதி ஆழத்தில் காய்ந்த சேறு களிமண் பலகைபோல் அடைத்திருக்கும். அதிக அழுத்தத் தண்ணீரை முன்பக்கமிருந்து அடித்தால் அந்தச் சேறு இன்னும் உள்ளே போய் இறுகும், ஃபின்களும் மடிந்துபோகும். மடிந்த ஃபின் என்பது மூடிய சன்னல் மாதிரி. செய்ய வேண்டியது இதுதான்: சோப்புத் தண்ணீரில் நன்றாக ஊறவிட்டு, சாதாரண குழாய் அழுத்தத்தில், பின்பக்கமிருந்து முன்பக்கமாக, அதாவது காற்று போகும் திசைக்கு எதிராகக் கழுவ வேண்டும். மடிந்தவற்றை ஒரு சின்ன தட்டை ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டும். ஒரு மாலை முழுவதும் ஆகும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான், ஆனால் இதைவிடப் பலன் தரும் வேலை இந்த வண்டியில் எதுவும் இல்லை.

கழுவிவிட்டு அந்தப் பக்க பிளாஸ்டிக்குகளைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். காற்று நன்றாக வரட்டும் என்று அவற்றைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு. உண்மையில் காற்றைச் சேகரித்து ரேடியேட்டருக்குள் திருப்புவதே அவைதான். அவை இல்லாவிட்டால் காற்று சுலபமான வழியைத் தேடி ரேடியேட்டரின் பக்கவாட்டில் நழுவிப்போகும்.

அடுத்தது உள்ளே சிக்கிய காற்று. நீங்கள் கூலன்ட் மாற்றியதாகச் சொன்னீர்கள். மாற்றியபின் கொதிப்பு கூடியதா குறைந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஹெட்டின் உச்சியில் ஒரு காற்றுக் குமிழி நின்றால், வெப்பம் அதிகமாக இருக்கும் அந்த இடத்தில் கூலன்ட்டே படாது. அங்கே உடனே நீராவி உண்டாகி மற்றதை வெளியே தள்ளும். வண்டியின் முன்சக்கரத்தை ஒரு அடி உயரத்துக்குத் தூக்கி நிறுத்துங்கள். மூடி இருக்கும் பக்கமே மேலே வரும்படி லேசாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியின் ஹெட்டில் காற்று வெளியேற்றும் திருகு இருந்தால், அதைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை விட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் ஆறிய இன்ஜினை மூடி திறந்த நிலையில் ஓடவிட்டு, ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் குமிழிகள் நின்றுவிட வேண்டும்.

அவை நிற்காவிட்டால்? இங்கேதான் கேஸ்கெட் பேச்சு வருகிறது. உள்ளே மாட்டியிருந்த காற்று கொஞ்ச நேரத்தில் தீர்ந்துபோகும். சிலிண்டரிலிருந்து கசியும் எரிந்த வாயு தீராது. இன்ஜின் ஓடும்வரை ஒரே சீராகக் குமிழி வந்துகொண்டே இருக்கும், த்ராட்டிலைத் தட்டினால் கூடும். இதைவிடச் சுலபமான சோதனை ஒன்று உண்டு. இரவு முழுக்க ஆறிய வண்டியில் மூடியைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ரப்பர் இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போதே, ஒரு நிமிடத்துக்குள் ஹோஸ் கல்போல் இறுகினால் அந்த அழுத்தம் வெப்பத்தால் வந்தது இல்லை, சிலிண்டரிலிருந்து வந்தது. அதேபோல் ஓட்டி முடித்து மறுநாள் காலை மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்று காற்று வெளியேறினாலும் சந்தேகப்பட வேண்டும். ஆறிய திரவம் சுருங்கியிருக்க வேண்டும், அழுத்தம் மிச்சமிருக்கக் காரணம் இல்லை.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் சிலிண்டர் பக்கமிருந்து காற்று விட்டுப் பார்ப்பதுதான் நல்ல வழி. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளையில் அடாப்டரை மாட்டி, கம்ப்ரஸரிலிருந்து 5 முதல் 7 பார் காற்றை மெதுவாக ஏற்றுங்கள். கிராங்க் திடீரென்று சுழலக்கூடும். கியரில் போட்டு பின் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ள ஒருவர் துணைக்கு இருக்கட்டும். மூடி திறந்த ரேடியேட்டரில் குமிழி வந்தால் சந்தேகமே இல்லை, ஹெட் இறங்க வேண்டும். ரேடியேட்டர் பக்கமிருந்து பம்ப் வைத்து 1 பார் ஏற்றிப் பார்க்கும் சோதனையும் உண்டு. அது ஹோஸ், சீல், ரேடியேட்டர் விரிசல் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். ஆனால் எரியும்போது சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம் அதைப்போல் பல மடங்கு. அதனால் அந்தச் சோதனையில் தேறிவிட்டது என்பதை வைத்து மட்டும் கேஸ்கெட் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

இதற்கிடையில் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலக்கிறது என்பார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் ஓடையைக் கடந்தபின் பிரீதர் (இன்ஜினின் காற்றுப்போக்கிக் குழாய்) வழியாகத் தண்ணீர் புகுந்தாலும், குறைந்த தூரமே ஓட்டி ஈரம் சேர்ந்தாலும் இதே நிறம் வரும். ஆயில் பால் நிறமாகிக் கூலன்ட் மட்டமும் குறைந்தால் மட்டுமே கூலிங் பக்கம் திரும்புங்கள். அப்போதும் முதல் குற்றவாளி கேஸ்கெட் இல்லை, வாட்டர் பம்ப் சீல்தான். பம்ப் ஷாஃப்டில் இரண்டு சீல்கள் உண்டு. ஒன்று கூலன்ட்டைத் தடுக்கும், மற்றொன்று ஆயிலைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவிலிருந்து பம்ப்பின் அடிப்பக்கமாக ஒரு சின்னத் துளை வெளியே வருகிறது. அதில் கூலன்ட் சொட்டினால் கூலன்ட் சீல் போயிற்று, ஆயில் சொட்டினால் ஆயில் சீல். அந்தத் துளை சேறு அடைத்துக்கிடந்தால் கசிந்த கூலன்ட்டுக்கு வேறு வழியில்லாமல் ஆயிலுக்குள் போகும். கழுவும்போதெல்லாம் மெல்லிய கம்பியால் அந்தத் துளையின் வாயைச் சுத்தம் செய்து வையுங்கள். சீல் மாற்றும்போது ஷாஃப்டில் நகத்தில் தட்டுப்படும் வட்டப் பள்ளம் இருந்தால் ஷாஃப்டையும் மாற்ற வேண்டும். பழைய பள்ளத்தின்மேல் புது சீல் கொஞ்ச நாள்கூடத் தாங்காது.

பம்ப் கசியாமலே வேலை செய்யாமலும் போகலாம். கூலன்ட்டைத் தள்ளும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் பிளாஸ்டிக்காக இருந்தால் ஷாஃப்டில் பிடிப்பு விட்டுச் சும்மா சுற்றும். இறக்கைகள் உடைந்தும் இருக்கும். நான்கைந்து போல்ட் கழற்றினால் கண்ணால் பார்த்துவிடலாம். கையால் பிடித்துத் திருப்பினால் இன்ஜின் சுழலாமல் இம்பெல்லர் மட்டும் சுழலக் கூடாது.

சுற்றோட்டம் குறைவா, காற்று குறைவா என்று பிரித்தறிய ஒரு எளிய அளவீடு இருக்கிறது. எனக்கு இதுவரை அதிகம் உதவியது இதுதான். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வேண்டும். பளபளப்பான அலுமினியத்தை அது குறைத்துக் காட்டும். ஆகவே ரேடியேட்டருக்குக் கூலன்ட் நுழையும் குழாய்முனையிலும் வெளியேறும் குழாய்முனையிலும் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிக்கொள்ளுங்கள். நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிவிட்டு வந்து, இன்ஜினை அணைக்காமல் உடனே இரண்டு இடத்திலும் அளவெடுங்கள். நல்ல நிலையில் உள்ள வண்டியில் இந்த வித்தியாசம் 5 முதல் 10 டிகிரி அளவில்தான் இருக்கும். நுழைவு முனை மிகவும் சூடாகவும் வெளியேறும் முனை மிகவும் குறைவாகவும் இருந்தால், கூலன்ட் மெதுவாக நகர்கிறது. ரேடியேட்டரில் அதிக நேரம் தங்கி நன்றாக ஆறிவிடுகிறது, ஆனால் இன்ஜினுக்குள் போதுமான அளவு வந்து சேரவில்லை. பம்ப், உள் அடைப்பு, தெர்மோஸ்டாட் இவற்றைத் தேடுங்கள். இரண்டு முனையும் ஏறக்குறைய ஒரே அளவில் 110 டிகிரிக்குப் பக்கத்தில் நின்றால் கூலன்ட் நன்றாகத்தான் சுற்றுகிறது, ரேடியேட்டர்தான் வெப்பத்தை விடவில்லை. ஃபின்களுக்குத் திரும்பிப் போங்கள். இடது வலது ரேடியேட்டர்களையும் ஒப்பிடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு பகுதி குளிர்ந்து கிடந்தால் அங்கே குழாய்கள் உள்ளே அடைத்திருக்கின்றன. முன்னால் வைத்திருந்தவர் கசிவை அடைக்கும் திரவம் எதையாவது ஊற்றியிருந்தாலோ, வருடக்கணக்கில் உப்புத்தண்ணீர் ஊற்றியிருந்தாலோ இப்படி ஆகும்.

அதனால்தான் கூலன்ட் கலக்கக் காய்ச்சி வடித்த தண்ணீரே வேண்டும் என்கிறேன். கிளைக்கால் அளவும் பாதிக்குமேல் போக வேண்டாம். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீர்தான் சிறந்தது. கிளைக்கால் கூடக்கூட அந்தத் திறன் குறையும். நிறைய ஊற்றினால் நிறையக் குளிரும் என்று பாட்டில் கூலன்ட்டைக் கலக்காமல் அப்படியே ஊற்றுவது தவறு. கலந்தே விற்கும் வகையா, கலக்க வேண்டிய வகையா என்று பாட்டிலில் படித்துப் பாருங்கள்.

தெர்மோஸ்டாட் உள்ள வண்டியாக இருந்தால், அதைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு கொதிக்கவிட்டுப் பாருங்கள். கொதிப்பதற்கு முன்பே நன்றாகத் திறந்துவிட வேண்டும். திறக்கவில்லையென்றால் புதிது போடுங்கள். எடுத்துவிட்டு ஓட்டுவதை நான் விரும்புவதில்லை. குளிர்காலத்தில் இன்ஜின் சூடாகவே மாட்டாமல் பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் சேரும்.

இனி இன்ஜின் அதிக வெப்பம் உண்டாக்குகிறதா என்ற பக்கம். மெதுவாக ஓட்டும்போது த்ராட்டில் கால்வாசிகூடத் திறப்பதில்லை. அந்த நிலையில் பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட்தான். அதில் பாதி அடைத்திருந்தால் மெதுவான ஓட்டத்தில் மட்டும் கலவை லீனாகும், அதாவது பெட்ரோல் குறைந்து இன்ஜின் அதிகம் சூடேறும். பெரிய த்ராட்டிலில் மெயின் ஜெட் வேலை செய்வதால் வித்தியாசம் தெரியாது. உங்கள் அறிகுறியோடு இதுவும் பொருந்துகிறது, கவனியுங்கள். அடையாளம் இது: ஐடிலில் த்ராட்டிலை ஒரு தட்டுத் தட்டி விட்டால் ஆர்பிஎம் உடனே இறங்காமல் மேலேயே தொங்கி, அப்புறம் மெல்ல இறங்கும். ஓட்டும்போது த்ராட்டிலை மூடினால் சைலன்சரில் படபடவென்று வெடிக்கும். ஃபோர் ஸ்ட்ரோக் கார்புரேட்டரின் இன்ஜின் பக்கமாக அடியில் இருக்கும் பியூயல் ஸ்க்ரூவை வெளியே திருப்பினால் பெட்ரோல் கூடும். மெல்ல உள்ளே இறுக்கி, பிறகு வெளியே எடுத்து, ஐடில் நன்றாக ஓடும் இடத்தைத் தேடுங்கள். இரண்டரை மூன்று சுற்றுக்கு மேல் வெளியே வந்தால்தான் நன்றாக ஓடுகிறது என்றால் பைலட் ஜெட் அடைத்திருக்கிறது அல்லது ஒரு அளவு பெரிய ஜெட் வேண்டும். டூ ஸ்ட்ரோக் கார்புரேட்டர்களில் பெரும்பாலும் இருப்பது ஏர் ஸ்க்ரூ. அது இதற்கு நேர்மாறு, வெளியே திருப்பினால் காற்று கூடும்.

ஜெட் சுத்தமாக இருந்தும் ஆர்பிஎம் தொங்கினால், கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பர் வெடித்துக் காற்று இழுக்கிறதா பாருங்கள். ஐடிலில் ஓடவிட்டு அந்த ரப்பரைச் சுற்றித் தண்ணீரை மெல்லத் தெளித்தால் ஓட்டம் மாறும். எக்ஸாஸ்ட் பைப் ஐடிலில் சிவப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். மெல்லிய பைப் உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி இருட்டில் நின்றபடி ஓடினால், நல்ல நிலையிலும் சிவக்கும். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகளோ மின்னும் அலுமினியத் துகள்களோ தெரிந்தால்தான் உண்மையாகவே கவலைப்பட வேண்டும். அது டெட்டனேஷன். சரியாக எரியாமல் வெடிக்கும்போது எழும் அதிர்வலை, உலோகத்தின்மேல் இயல்பாகப் படிந்து காக்கும் மெல்லிய வாயுப் படலத்தைக் கிழித்துவிடுகிறது. வெப்பம் தடையில்லாமல் பிஸ்டனிலும் ஹெட்டிலும் ஏறுகிறது. அப்படித் தெரிந்தால் அன்றே ஓட்டுவதை நிறுத்துங்கள்.

கிளட்ச்சைப் பற்றியும் ஒன்று. நெருக்கமான பாதையில் நாம் அறியாமலே இரண்டு விரல் எப்போதும் லீவரில் இருக்கும். வழுக்கும் கிளட்ச்சில் வீணாகும் சக்தி முழுவதும் வெப்பமாக மாறி ஆயிலில் சேர்கிறது. கேபிள் கிளட்ச்சாக இருந்தால் லீவர் முனையில் 10 முதல் 20 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். கேபிள் இறுக்கமாக இருந்தால் கையை எடுத்தாலும் கிளட்ச் முழுதாகப் பிடிக்காது. பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள், பிரேக் உரசினாலும் செயின் இறுகியிருந்தாலும் இன்ஜின் அதற்கும் சேர்த்துத்தான் உழைக்கிறது. ஆயில் அளவு சரியா என்பதையும் பாருங்கள். பிஸ்டன் அடியிலும் வால்வு பக்கமும் வெப்பத்தை எடுப்பது ஆயில்தான்.

பாதையில் கொதித்துவிட்டால் உடனே அணைத்துவிட்டு, காற்று வரும் திசைக்கு வண்டியைத் திருப்பி நிறுத்துங்கள். சூடான ஹெட்டின்மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவே கூடாது, அலுமினியம் கோணிக்கொள்ளும். ரேடியேட்டர் ஃபின்கள்மேல் கொஞ்சமாகத் தெளிக்கலாம். நன்றாக ஆறியபின் குடிக்கும் தண்ணீரை ஊற்றி மெல்லத் திரும்பி வரலாம், அப்புறம் வடித்துவிட்டுச் சரியான கூலன்ட் போட்டுக்கொள்ளலாம். நண்பருக்காகக் காத்திருக்கும்போது ஐடிலில் ஓடவிடாமல் அணைத்துவிடுங்கள். எல்லாம் சரிசெய்த பிறகும் நீங்கள் ஓட்டுவது பெரும்பாலும் இந்த மாதிரி மெதுவான பாதைதான் என்றால், ஒரு சின்ன ஃபேன் பொருத்துவது நியாயமான செலவு. உங்கள் வண்டியின் ஸ்டேட்டர் (இன்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சுருள்) அதற்கு மின்சாரம் கொடுக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். கிக் மட்டும் உள்ள, பேட்டரி இல்லாத வண்டிகளில் பல கொடுக்காது.

இவ்வளவும் பார்த்து, குமிழிச் சோதனையும் கேஸ்கெட்டையே காட்டினால் அப்போது ஹெட்டை இறக்குங்கள். வெறும் கேஸ்கெட்டை மாற்றி மூடிவிடாதீர்கள். அது ஏன் போனது என்று பார்க்க வேண்டும். ஒருமுறை நன்றாகக் கொதித்த ஹெட் கோணியிருக்க வாய்ப்பு அதிகம். நேரான ஸ்டீல் விளிம்பை ஹெட்டின்மேல் குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் வைத்து, ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்து பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு எங்காவது நுழைந்தால் பல நிறுவனங்களின் வரம்பைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். உங்கள் மேனுவலில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுச் சமன்படுத்தக் கொடுங்கள். சிலிண்டரின் மேற்பரப்பையும் அதேபோல் அளக்க வேண்டும். நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று கட்டமாக இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள்.

பூட்டிய பிறகு நிரப்பி, காற்றை வெளியேற்றி, முதல் ஓட்டம் முடிந்து இன்ஜின் முழுதும் ஆறியதும் மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் அது மூலையில் ஒளிந்திருந்த காற்று வெளியேறிய கணக்கு, ஊற்றிக்கொள்ளலாம். இரண்டாவது ஓட்டத்துக்குப் பிறகு இறங்கக் கூடாது. மூன்றாவதிலும் இறங்கினால் கூலன்ட் இன்னும் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது, பம்ப்புக்கு அடியிலுள்ள அந்தச் சின்னத் துளையிலிருந்து மறுபடி தேட ஆரம்பியுங்கள்.